மஞ்சள் பெட்டி

1

முனிசிபாலிட்டிக்காரர்கள் நேற்று என் கடைச் சுவரில் ஒரு நோட்டீசு ஒட்டிவிட்டுப் போனார்கள். பசை காய்வதற்குள் மழை அடித்துவிட்டது. தாளின் கீழ்ப்பாதி கழன்று தொங்குகிறது. தொங்காத பாதியே போதும், விஷயம் தெரிந்துவிட்டது. மறுபடி எலெக்‌ஷன் வருகிறதாம். மழைக்காலம் முடிந்து கார்த்திகை வாக்கில் ஓட்டுப் போட வேண்டும். ரங்கூனில் வருஷம் போவதே தெரிவதில்லை. மழை வரும், நிற்கும், மறுபடி வரும், அதுதான் எங்கள் பஞ்சாங்கம்.

நாளைக்கு மீனாட்சி அக்காவின் திதி. நோட்டீசும் திதியும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் எழுதுவது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: எல்லோரும் சுகம், வியாபாரம் பரவாயில்லை, மழை அதிகம். இது அந்த மாதிரிக் காகிதம் இல்லை.

இங்கே லான்மடா என்கிற பேட்டையில் காபி கிளப் வைத்திருக்கிறேன். பெயர்தான் கிளப், உள்ளே நாலு பெஞ்சு. காலையில் துறைமுகத்துக்குப் போகிற நம் ஆட்களுக்கு இட்லி, காபி. எதிர்ப்பக்கத்தில் தோ மியா என்கிற பர்மியப் பெண்மணி மோகிங்கா விற்கிறாள். மீன் குழம்பில் அரிசிச் சேவையைப் போட்டுக் கொடுப்பதுதான் மோகிங்கா. ‘தோ’ என்பது இங்கே மூத்த பெண்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல். எங்களுக்குள் போட்டி கிடையாது. என்னிடம் சர்க்கரை தீர்ந்தால் அவளிடம் வாங்குவேன், அவளிடம் கரி தீர்ந்தால் என்னிடம் வாங்குவாள்.

என் மகள் பவானி அந்த நோட்டீசைப் பர்மிய எழுத்தில் கடகடவென்று படித்துவிட்டாள். பக்கத்திலேயே தமிழிலும் அச்சடித்திருந்தது. அதைப் படி என்றேன்.

“அதுலயும் இதேதாம்ப்பா இருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இங்கே பிறந்த பெண். தமிழில் பேச ஆரம்பிப்பாள், கோபம் வந்தால் பாதியிலேயே பர்மிய பாஷைக்குத் தாவிவிடுவாள். நான் எழுதுகிற இதையும் அவள் எழுத்துக்கூட்டிப் பத்து வரி படிப்பாள், அப்புறம் மூடி வைத்துவிடுவாள். அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

2

மீனாட்சி அக்கா எனக்கு மூத்தவள். அவள் புருஷன் ஆறுமுகம் மாமாவுக்குத் துறைமுகத்தில் பாரம் தூக்கும் இயந்திரத்தில் வேலை. என்னை ரங்கூனுக்குக் கூட்டி வந்ததே அவர்தான். ஒரு ஆடி மாதம் விஷக்காய்ச்சலில் போய்விட்டார்.

ரங்கூன் மழையை நம் ஊர் மழையோடு வைத்துப் பேசாதீர்கள். வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாது. எங்கள் ஜனங்களுக்கான சுடுகாடு ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் இருக்கிறது. வெட்டவெளி. ஒரு கூரை கிடையாது, நாலு தகரம் கிடையாது. வெயில் காலத்தில் செத்தவன் புண்ணியவான். மாமா அப்படிச் சாகவில்லை. விறகு ஈரம், மேலே மழை. கொள்ளி வைத்து, அணைந்து, மண்ணெண்ணெய் ஊற்றி, மறுபடி வைத்து, கடைசியில் பாதி வெந்ததை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்தோம்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை அல்லவா? அக்காவிடம் இதை யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் திரும்பி வந்தவர்கள் குளிக்கும்போது தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மாவு ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

“மாமா முழுசா வேகலையாமே?”

“மழைக்கா” என்றேன்.

“மனுசன் கப்பல்ல வர்ற மூட்டைக்கெல்லாம் கொட்டகை போட்டு நனையாம காபந்து பண்ணினாரு. அவருக்கு ஒரு கொட்டகை இல்ல” என்றாள். அழவில்லை, மாவை வழித்து எடுக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து அந்தக் கூரை அவள் மனதில் உட்கார்ந்துவிட்டது. அவளுக்குப் பிள்ளை இல்லை, நிலம் நீச்சு இல்லை. மாமா இருந்த அறைக்குத் தன் பேரிலேயே வாடகை கட்டிக்கொண்டு, பகலெல்லாம் என் கடையில் வேலை செய்தாள். கேட்டது ஒன்றுதான். சுடுகாட்டுக்கு மேலே கூரை வேண்டும். “நான் போறப்பவாவது நனையாம போகணும்டா” என்பாள். காபி குடிக்க வருகிற பெரிய மனுஷர் யாராக இருந்தாலும் கூரைப் பேச்சை எடுக்காமல் டம்ளரைக் கையில் கொடுக்கமாட்டாள்.

3

எங்கள் பக்கத்தில் கம்பவுண்டர் வேலாயுதம் என்று ஒருவர் உண்டு. டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுக்கிற வேலை. பாதி ராத்திரியில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் வருவார். முனிசிபாலிட்டிக்கு இந்துக்கள் பேரில் ஒரு நாற்காலி காலியாகிறது, நீங்கள் நில்லுங்கள் என்று எல்லோரும் அவரைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். எதிரே நின்றவர் வடக்கேயிருந்து வந்த மர வியாபாரி. நல்ல மனுஷர்தான், ஆனால் எங்கள் சந்துக்குள் கால் வைத்தவர் இல்லை.

வேலாயுதம் எங்கள் கடைக்கு வந்தபோது அக்கா கேட்டாள்: “ஜெயிச்சா கூரை போடுவியா?”

“மொதத் தீர்மானமே அதுதான்க்கா.”

“அப்ப நான் வேலை செய்யறேன்.”

செய்தாள். அது எப்படிப்பட்ட வேலை என்று புரிய வேண்டுமானால் இந்த ஊர்ச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பெண்களுக்கும் ஓட்டு உண்டு. ஆனால் வாடகையோ வரியோ தன் பேரில் கட்டியிருக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லாம் புருஷன் பேரில்தானே இருக்கும்? ஆக, புருஷன் உள்ள பெண்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருந்ததெல்லாம் தாலி இழந்தவர்களுக்குத்தான். மாடு வைத்துப் பால் விற்கிறவள், துறைமுக வாசலில் வடை சுடுகிறவள், சாக்குத் தைக்கிறவள் என்று சந்துக்குச் சந்து இருந்தார்கள். தங்களுக்கு ஓட்டு இருப்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அக்காதான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி, ஒவ்வொருத்தியையும் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பேர் பதிய வைத்தாள்.

அந்த ஆபீசில் ஒரு கூத்து. பர்மிய குமாஸ்தா அக்காவிடம் புருஷன் பேர் கேட்டார். அக்கா வாயைத் திறக்கவில்லை. செத்துப் போய் இத்தனை வருஷம் கழித்தும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். அவர் கேட்கிறார், இவள் தரையைப் பார்க்கிறாள், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவருக்கு இவள் புருஷன் பேரை மறந்துவிட்டாள் என்று சந்தேகம். கடைசியில் பவானிதான் “ஆறுமுகம்” என்று சொல்லி, பர்மிய பாஷையில் ஏதோ விளக்கினாள். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அவரிடம் என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன்.

“அத்தை இன்னும் அவர் மேல மரியாதையா இருக்காங்கன்னு சொன்னேன்” என்றாள்.

ஓட்டுப் போடும் வழியும் சுலபமாகத்தான் வைத்திருந்தார்கள். படிக்காதவர்கள் அதிகம் என்பதால் எலெக்‌ஷனில் நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு நிறப் பெட்டி. உள்ளே போனால் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள், திரைக்குப் பின்னால் போய் வேண்டிய பெட்டியில் போட வேண்டும். நம்மவருக்கு எந்த நிறம் வந்தது தெரியுமா? மஞ்சள்! அரிசிக்கடை நாகப்பன், ஓட்டு வேலைக்கு நாங்கள் போட்ட கமிட்டியின் தலைவர், தெருவிலேயே துள்ளிக் குதித்தார். “மஞ்சள்ணே! அம்மாளே பாத்து எடுத்துக் குடுத்திருக்கா. இனிமே என்ன கவலை?” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்போதும் சுவரில் நோட்டீசு ஒட்டினார்கள். பவானி பர்மிய எழுத்தில் படித்துச் சொன்னாள்: “சீட்டுல எந்த அடையாளமும் போடக்கூடாதாம்.” பென்சிலால் கிறுக்கக் கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் ஆட்களில் பென்சில் வைத்திருக்கிறவன் யார்? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

4

ஓட்டு நாள் காலையில் அம்மன் கோயிலில் பூஜை. அங்கிருந்து மேளதாளத்தோடு ஊர்வலமாகப் போவது என்று ஏற்பாடு. முன்னால் சுமங்கலிகள் தாம்பாளம் ஏந்தி நடப்பார்கள், பின்னால் ஆண்கள். என் மனைவி பட்டுப் புடவை எடுத்துக் கட்டியிருந்தாள்.

அக்கா தன் ஆட்களை விடியற்காலையிலேயே எங்கள் கடைப் பின்கட்டில் சேர்த்துவிட்டாள். எல்லோரும் துவைத்த வெள்ளைப் புடவையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேரா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. வடை சுடுகிற தாயம்மாதான் அவர்களில் வாய்க்காரி. “மீனாட்சி, நம்மள்ல எவளாவது பொட்டி மாத்திப் போட்டா அவளுக்கு நாளைக்கு வடை கிடையாது” என்று சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ரெண்டு இட்லி கொடுத்தேன். கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரி சந்தோஷமாக இருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு அவர்களை யார் கூப்பிட்டது?

கோயிலிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. நாகப்பன் மட்டும் முன்னால் வேகமாக வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, தப்பா நெனக்காதீங்க. நல்ல காரியமா ஊர்வலம் வருது. அக்காவும் அந்தப் பொம்பளைங்களும் அது தாண்டிப் போற வரைக்கும் கொஞ்சம் உள்ள இருந்துக்கிட்டா நல்லது. எதிர்ல வந்தா நாலு பேர் நாலு சொல்லுவாங்க. அவங்க சாயங்காலமா நிதானமா வந்து போடட்டும். நானே குதிரை வண்டி அனுப்பறேன்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

“சரி நாகப்பா. நாங்க உள்ளதான் இருக்கோம். நீங்க போய் ஜெயிச்சிட்டு வாங்க.”

கதவை அவளே சாத்திக்கொண்டாள். பின்கட்டில் இருந்த சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

சின்ன வயதில் நம் ஊரில் என் அண்ணன் கல்யாணம் ஞாபகம் வருகிறது. எங்கள் பெரியம்மா, விடிய விடிய நின்று அத்தனை பேருக்கும் பலகாரம் சுட்டவள், தாலி கட்டும்போது சமையற்கட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அது எனக்கு அப்போது தப்பாகவே படவில்லை. ஜன்னல்தான் அவள் இடம் என்று நினைத்தேன். கடல் தாண்டி வரும்போது எத்தனையோ விட்டுவிட்டு வந்தோம். கப்பல் தளத்தில் யார் பக்கத்தில் யார் படுத்தோம், யார் சமைத்ததை யார் தின்றோம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. இதை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டி எடுத்து வந்திருக்கிறோம்.

பவானி விட்டுவிடவில்லை. பதினைந்து வயதுதான் அப்போது. நாகப்பன் முன்னாலேயே என்னைக் கேட்டாள்.

“அம்மாவுக்கு ஓட்டு இல்ல, அவங்க முன்னால போறாங்க. அத்தைக்கு ஓட்டு இருக்கு, அவங்க உள்ள இருக்கணுமா? இது என்னப்பா நியாயம்?”

“பெரியவங்க பேசறப்ப நீ சும்மா இரு” என்றார் நாகப்பன்.

அவ்வளவுதான், அவள் பர்மிய பாஷைக்குத் தாவிவிட்டாள். படபடவென்று என்னவோ கொட்டினாள். எங்களில் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. எதிர்ச்சாரியில் தோ மியாவுக்குப் புரிந்தது. கரண்டியை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் புருஷனை இழந்தவள்தான். கொண்டையில் அன்றைக்கும் பூ வைத்திருந்தாள். அவர்களில் அதற்கெல்லாம் தடை இல்லை.

ஊர்வலம் வந்தது. என் மனைவி தாம்பாளத்திலிருந்து ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். “அம்மாளை நெனச்சிக்கிட்டுப் போடுங்க” என்றாள். எல்லா வீட்டு ஆண்களுக்கும் அப்படியே கிடைத்தது. நாங்கள் போனோம்.

நாகப்பன் சொன்ன குதிரை வண்டி வரவில்லை. துறைமுகத்திலிருந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு வருவதற்கே வண்டி போதவில்லையாம். மதியம் வரை பின்கட்டில் காத்திருந்தார்கள். பால்காரிகள் கறவை நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். சாக்குத் தைக்கிறவர்களை மேஸ்திரி தேடுவான் என்று போனார்கள். “நம்ம ஒண்ணு ரெண்டு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது மீனாட்சி” என்று சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியாகப் போய்விட்டார்கள். கடைசியில் அக்காவும் தாயம்மாவும் இன்னும் சில பேரும் நடந்தே போய், கேட்டை மூடுகிற நேரத்துக்கு உள்ளே நுழைந்து போட்டுவிட்டு வந்தார்கள்.

5

மறுநாள் எண்ணினார்கள். நாங்கள் முனிசிபாலிட்டி வாசலில் மாலையும் கையுமாக நின்றோம். மேளக்காரர்களும் தயார். ஆட்கள் வந்த வரத்தைப் பார்த்தால் தோற்க வழியே இல்லை. ஆனால் வேலாயுதம் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததும் மேளக்காரன் தவிலைக் கீழே இறக்கி வைத்துவிட்டான்.

நேரே எங்கள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாகப்பனும் கமிட்டி ஆட்களும் சுற்றி நின்றார்கள்.

“மஞ்சள் பொட்டியத் தெறந்தாங்க” என்றார். “தெறந்ததும் அந்த ரூம் பூரா குங்கும வாசனை. அதிகாரி ஒரு சீட்ட எடுத்தாரு. நடுவுல செவப்பாப் பொட்டு. இன்னொண்ணு எடுத்தாரு. பொட்டு. எடுக்க எடுக்கப் பொட்டு. சீட்டுல எந்த அடையாளம் இருந்தாலும் செல்லாது, யாரு போட்டதுன்னு கண்டுபிடிக்க வழியாயிடும், அதுதான் சட்டம்னாரு. ஒரு மூலையில அப்படியே குவிச்சு வச்சிட்டாங்க. அவரு மேலயும் தப்பில்ல. ரொம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னாரு.”

“குங்குமம் அடையாளமா?” என்றார் நாகப்பன். “அது மங்களம்யா! அதப் போயி யாராவது…”

யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆறவில்லை. நாம் புதுத் தராசு வாங்கினால் பொட்டு வைக்கிறோம், தையல் மிஷினுக்கு வைக்கிறோம், கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிறோம், கப்பலேறுகிறவனின் டிரங்குப் பெட்டிக்கு வைக்கிறோம். நல்லது நடக்க வேண்டும் என்று ஒரு தாளைப் பெட்டியில் போடப் போகிறோம், கையில் அம்மன் குங்குமமும் இருக்கிறது. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவனும் தனித்தனியே, தனக்கு மட்டும் தோன்றியதாக நினைத்துக்கொண்டு, ஒரு பொட்டை வைத்துப் போட்டிருக்கிறான். எங்கள் வீட்டு ஓட்டும் அதில் சேர்த்தி.

“எவ்வளவுல போச்சு?” என்று யாரோ கேட்டார்கள்.

“ரொம்ப இல்ல. அந்தப் பக்கம் விழுந்ததே கொஞ்சந்தான். நம்ம பொட்டியிலயும் செல்லுபடியான சீட்டு கொஞ்சம் இருந்துச்சு. குங்குமம் வாங்காம ஓடியாந்தவங்க சில பேரு, அப்பறம்… யாருதுன்னு தெரியல. அடியோட சுத்தமா, மடிப்புக் கலையாம இருந்துச்சு. அந்த மாதிரி இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்.”

காபி கொண்டுவந்த அக்கா டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

“அது எங்களது” என்றாள். “எங்க கையில யாரும் குங்குமம் குடுக்கலியே.”

அக்கா கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. யாருடைய சீட்டு என்று வேலாயுதம் தெரியவில்லை என்றார், இவள் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு பின்கட்டுக்குப் போய்விட்டாள். முந்தின நாள் காலையில் அங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் நினைத்துப் பார்த்தேன். கம்பவுண்டர் சொன்ன அந்த ‘இன்னும் கொஞ்சம்’ மதியம் வரை என் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. என் மனைவி அன்று பூராவும் அக்கா முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தாள்.

6

ஜெயித்த மர வியாபாரியிடமும் போனோம். மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். மனு எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். எஸ்டிமேட் போடச் சொல்லியிருக்கிறது என்று பதில் வந்தது. சுடுகாட்டு நிலம் எந்த இலாகாவைச் சேர்ந்தது என்று விசாரிப்பதாக அதற்குப் பிறகு ஒரு பதில் வந்தது. அது எந்த இலாகா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆடியில் அக்கா படுத்தாள். மார்ச்சளி, காய்ச்சல். வேலாயுதம் தினமும் வந்து மருந்து கொடுத்தார். நினைவு தப்புவதற்கு முன்னால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“மழை விட்டப்பறம் எடுத்துக்கிட்டுப் போடா” என்றாள்.

சரியக்கா என்றேன். காலையில் உயிர் போயிற்று. மழை விடவில்லை. மத்தியானம் வரை பார்த்தோம், சாயங்காலம் வரை பார்த்தோம். எத்தனை நேரம் வைத்திருப்பது? மேகம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்ததும் தூக்கிவிட்டோம். பவானி கூட வருவேன் என்று நின்றாள். பெண்கள் வரக்கூடாது என்று நாலு பேர் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள், நான் பாடையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

தெருமுனையில் தோ மியா ஓடிவந்து வழியை மறித்தாள். தன் கடைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். “உன் அக்காவுக்கு” என்று என் தோளில் போட்டாள். அடுப்பும் பானையும் மழையில் நனைய விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

சுடுகாட்டில் வேலாயுதமும் நாகப்பனும் இன்னும் இரண்டு பேருமாக அந்தத் தார்ப்பாயை நாலு மூலையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொள்ளி வைத்தேன். பிடித்தது. பிடித்து எழுந்ததும் தார்ப்பாய் கருக ஆரம்பித்தது, தூக்கிப் பிடிக்க முடியாமல் விலக வேண்டியதாயிற்று. விலகினால் மழை. மறுபடி பிடிப்பார்கள், மறுபடி விலகுவார்கள். நாகப்பன் கை கொப்பளித்துவிட்டது. விடு நாகப்பா என்றால் கேட்கவில்லை. அழுதுகொண்டே பிடித்திருந்தார். அவர்தான் அவளைக் கதவுக்குப் பின்னால் இருக்கச் சொன்னவர், அவர்தான் அப்படி நின்றார். மனுஷர்களைப் பற்றி நான் என்ன எழுதுவது?

அக்கா நனைந்துதான் போனாள். வாக்குக் கொடுத்திருந்தேன், காப்பாற்ற முடியவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி இத்தனை நாளில் எனக்கு நானே புளித்துப் போய்விட்டேன்.

7

இப்போது நோட்டீசு ஒட்டியிருக்கிறார்கள். வேலாயுதம் மறுபடி நிற்கிறார். இன்று காலையிலேயே நாகப்பன் வந்துவிட்டார். இந்தத் தடவை எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாராம். குங்குமம் கூடாது, விபூதி கூடாது, சந்தனம் கூடாது, எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அண்ணே, அந்தப் பொம்பளைங்க ஓட்டு நமக்கு முக்கியம். இந்தத் தடவ அவங்களையே ஊர்வலத்துக்கு முன்னால நடக்க விட்டுடலாம். கமிட்டியில நான் பேசிச் சம்மதம் வாங்கிட்டேன். நீங்க போய்க் கூப்பிடுங்க. உங்க அக்கா பேருக்கு வருவாங்க.”

போனேன். பவானியும் வந்தாள். தாயம்மா துறைமுக வாசலில் கூரைச் சரிவுக்குக் கீழே அடுப்பை வைத்து வடை சுட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வடைகளைத் திருப்பிப் போட்டாள்.

“முன்னால நடக்கணுமா?”

“ஆமாங்க. நீங்கதான் முன்னால.”

“நாங்க வந்தா கூரை வரும்னு கூப்பிடறீங்களா, இல்ல எங்க கையில பொட்டு இல்லைன்னு கூப்பிடறீங்களா?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“மீனாட்சி கூப்பிட்டா. புதுசா வெளுத்த பொடவையோட, கோழி கூவறதுக்கு முன்ன வந்து ஒக்காந்தோம். அன்னிக்கி முன்னால நடன்னா ஆடிக்கிட்டே நடந்திருப்பேன். அவ கூப்பிட்டப்ப நீங்க எல்லாரும் எங்கள உள்ள வச்சுக் கதவ சாத்தினீங்க.” வடையை எடுத்துத் தட்டில் போட்டாள். “ஓட்டுப் போட மாட்டேன்னு சொல்லல தம்பி. அது அவளுக்காகப் போடுவேன். சாயங்காலமா வரோம். எல்லாரும் போனப்பறம். அதுதானே எங்க நேரம்?”

இரண்டு வடையை இலையில் வைத்துப் பவானியிடம் நீட்டினாள். பவானி வாங்கிக்கொண்டு, அந்த ஈரத் தரையில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வா போகலாம் என்றேன். “நீங்க போங்கப்பா” என்றாள். சுத்தமான தமிழில்தான் சொன்னாள்.

கடைக்குத் திரும்பினேன். நாகப்பன் பெஞ்சிலேயே காத்திருந்தார். பழைய தீக்காயத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாங்கண்ணே?”

“முன்னால வரமாட்டாங்களாம். சாயங்காலமா வந்து போடறாங்களாம்.”

“அப்பாடா” என்றார். “வந்தாப் போதும்ணே. ஓட்டு விழுந்தாச் சரி.”

அவருக்கு நான் ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஊர்வலத்தில் உங்களுக்கு எந்த இடம் வேண்டும், கம்பவுண்டருக்குப் பக்கத்தில் நிற்கிறீர்களா என்று கேட்டார். என்னை விட்டுவிடு நாகப்பா என்றேன். ஏன் என்றார். நானும் ஓட்டு நாளன்றைக்குச் சாயங்காலம்தான் போகப் போகிறேன் என்றேன்.